வால் இல்லாத காளான்

ஒகேனக்கல் போகும் ரோட்டோரத்தில் குள்ளம்மாள் பதினெட்டு வருஷமாகக் காளான் விற்கிறாள். கரையான் புற்றில் முளைக்கும் புற்றுக்காளானுக்கு அடியில் வால் மாதிரி நீள வேர் இருக்கும்; விஷக்காளானுக்கு இருக்காது. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். தன் காளானைத் தின்று எவருக்கும் வயிறு வலித்ததில்லை என்று சண்டைக்கே நிற்பாள்.

இன்று காலை காட்டில் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் யானை கிளை முறிக்கும் சத்தம் கேட்டது. கைக்கு வந்ததையெல்லாம் பார்க்காமல் அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பாதியை ஒரு காரில் வந்தவர்கள் வாங்கிப் போனார்கள். பின்சீட்டில் இருந்த சின்னப் பெண் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

மீதியை வீட்டில் கழுவும்போது ஒன்றுக்கு மட்டும் வால் இல்லை. அடியில் வெள்ளையாகக் கிண்ணம் போல இருந்தது. மற்றதையெல்லாம் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் நல்ல காளான். காரில் போனதை யார் பார்ப்பது?

"யானை நிக்குதுன்னு சொன்னியே, மறுக்கா எங்க போற?" என்றான் புருஷன் பச்சியப்பன். அவள் அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு காட்டுக்கே திரும்பி ஓடினாள்.

புற்றைச் சுற்றி அவள் பிடுங்கிய குழிகள் எல்லாம் விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தன. தள்ளி, மரத்தடியில், ஆழமில்லாமல் ஒரு குழி இருந்தது. கையிலிருந்த காளானை அதில் வைத்துப் பார்த்தாள். சரியாகப் பொருந்தியது.

அதை ஒட்டி, அதே மாதிரி, இன்னொரு குழி இருந்தது.