கேட்டதாகச் சொன்ன பாட்டு

சோமனூரில் விசைத்தறிகள் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாவாத்தாளுக்கு அந்தச் சத்தத்துக்குள்தான் பிழைப்பு. புருஷன் சென்னியப்பன் டெம்போ ஓட்டினார். ரேடியோதான் அவருக்கு வழித்துணை. சின்ன வயதில் தபால் கார்டில் பாட்டுக் கேட்டு எழுதிப் போட்டு, தன் பெயரை வாசிக்க மாட்டார்களா என்று காத்துக் கிடந்தவர். கார்டு போய் போன் வந்த பிறகும் அந்த ஆசை அடங்கவில்லை.

ஒரு நாள் எஃப்.எம். நிலையத்துக்குப் போட்ட போன் கிடைத்துவிட்டது. இன்று பேசினால் பதிவு செய்து பிறகு போடுவார்கள். சென்னியப்பன் யோசித்து, மாதம் ஒருமுறை ஊரில் கரண்டை நிறுத்துகிற நாளில் அதைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அன்றைக்குத்தானே தறி ஓயும்!

"நாளைக்கு மத்தியானம் பேட்டரி ரேடியோவைப் போடு அம்மணி. உனக்கோசரம் ஒரு பாட்டுக் கேட்டிருக்கறேன். கூடவே ஒரு பேச்சும் பேசிப்போட்டேன்."

"என்ன பேச்சுங்க?"

"கேளு, தெரியும்."

மறுநாள் கரண்டை நிறுத்தவே இல்லை. தெருவெங்கும் தறி ஓடியது. பாவாத்தாள் ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். தறிச் சத்தம்தான் கேட்டது.

சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, "கேட்டயா?" என்றார். முகத்தில் அத்தனை வெளிச்சம். அதை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"கேட்டனுங்க. நல்லா இருந்துச்சுங்க."

"வெக்கமா இருந்துச்சா?"

"போங்க, இந்த வயசுல!"

அவர் சிரித்த சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டிருக்கும், தறி ஓடாமல் இருந்திருந்தால்.

அந்த மாதமே நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்ததும் சென்னிமலை முருகனை வேண்டிக்கொண்டு பாவாத்தாள் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள். எஃப்.எம். நிலையத்தில் நித்யஸ்ரீ என்ற அறிவிப்பாளர் பெண் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, விவரம் கேட்டுத் தேடியும் பார்த்தாள்.

"பதிவையெல்லாம் அப்பப்ப அழிச்சிருவாங்கம்மா. இப்ப அந்த நிகழ்ச்சியே இல்லீங்க. பாட்டெல்லாம் கம்ப்யூட்டரே வரிசையாப் போட்டுக்குது."

"அவரு என்ன சொன்னாருன்னு ஒருக்காக் கேட்டாப் போதுங்க கண்ணு."

நித்யஸ்ரீ நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள். "குரல் இல்லீங்கம்மா. ஆனா பாட்டு இருக்குமுங்க. எந்தப் பாட்டுன்னு சொல்லுங்க, இன்னைக்கு நானே போடறேன்."

பாவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டேன்னு சொல்லிப்போட்டனே கண்ணு. அப்பறம் எந்தப் பாட்டுன்னு அவருகிட்ட எப்படிக் கேக்கறது?"