ஏழு கொக்கி, எட்டு உறை

எங்கள் கப்பலில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "உறை கழட்டுறேன்" என்பார் ஒட்வார். நார்வேயில், ட்ரோம்சோவில் இருக்கும் அவர் மனைவிக்கே இருபத்திரண்டு வருடமாக அவ்வளவுதான் தெரியும்.

கடல் தரையில் ஊர்ந்து போகும் இயந்திர வண்டி ஒன்று கப்பலில் இருந்தது. அதன் கேமராக்கள், விளக்குகள், அளக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏழு சிவப்பு உறைகள். வண்டியை இறக்கும் முன் ஏழையும் கழற்றி, சாப்பாட்டு அறை வாசலில் உள்ள பலகையில் மாட்ட வேண்டும். பலகையில் ஏழு கொக்கிகள். அது நிறையாமல், வண்டியைக் கம்பியில் கட்டி இறக்கும் வின்ச் ஓடாது. யாரும் வண்டியைச் சுற்றிப் பார்க்க மாட்டார்கள். பலகையைப் பார்ப்பார்கள்.

வண்டிக்கு மாமியார் என்று பெயர். வைத்தவன், கப்பலில் உட்கார்ந்தபடியே அதை ஓட்டும் ஹல்வோர். "மெதுவாப் போகும், ஒண்ணு விடாமப் பாக்கும், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எல்லாத்தையும் சொல்லும்," என்பான். அவனுடைய மாமியார் பெர்கனில் நலமாக இருக்கிறார்.

ஒரு பயணத்தில் உறை ஒன்று காணாமல் போனது. ஒட்வார் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சமையல்காரி, எனக்குத் தெரியும். நான்காம் நாள் அடுப்படிக்கு வந்து, சூட்டுக்குப் போடும் என் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சிவப்புதானே, சோல்வி?"

"சிவப்புதான்."

"உனக்கு ரொம்பத் தேவையா?"

அதை வெட்டி உறை தைத்துக் கொடுத்தேன். மற்ற உறைகளில் கறுப்பு நூல்; என்னிடம் இருந்தது வெள்ளை நூல். யாரிடமும் சொல்லாதே என்றார். நான் பொதுவாகவே யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

அடுத்த பயணம் ரன்வைக் என்ற விஞ்ஞானியுடையது. மூன்று வருடம் அலைந்து அதற்கு அனுமதி வாங்கியிருந்தாள். மாமியார் ஆயிரத்து முந்நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு வருடம் தனியாக இருந்து, சேறு எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகிறது என்று குறித்துவைக்க வேண்டும். தரையில் வைத்துக் கம்பியை விடுவித்துவிட்டால், அடுத்த கோடையில்தான் மறுபடி தொட முடியும்.

இறக்கியது வியாழக்கிழமை. கப்பலில் வியாழன் என்றால் ஞாயிறு மாதிரி, விருந்துச் சாப்பாடு. மாட்டிறைச்சியை அடுப்பில் வைத்திருந்தேன். காலையில் ஒட்வார் மழைக்கால்சட்டையின் பையில் கைவிட்டபோது, காணாமல் போன உறை வந்தது. கையில் உறை வந்தால் கொக்கியில் மாட்டுவது அவர் வழக்கம். மாட்டினார். பிறகு வண்டியிடம் போய் ஒவ்வொன்றாகக் கழற்றி வந்தார். ஆறாவதை மாட்டியதும் பலகை நிறைந்தது. பலகை நிறைந்தால் வேலை முடிந்தது. கை கழுவிக்கொண்டார்.

இறங்க முக்கால் மணி நேரம் ஆகும். நாற்பது நிமிடம் ஆனபோது உருளைக்கிழங்குச் சட்டியோடு பலகையைக் கடந்தேன். ஏழு உறைகள். ஏழிலும் கறுப்பு நூல்.

ஒட்வார் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் தைச்சது எங்க?"

பலகையைப் பார்த்தார். கால்சட்டைப் பையைத் தொட்டார். கடித்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"பின்பக்கம். ஆக்சிஜன் கருவி மேல."

"ஹல்வோர் பாக்கலையா?"

"கேமரா முன்னாடிதான் பாக்கும். அந்தக் கருவி ஒரு வாரம் கழிச்சுத்தான் முழிக்கும்."

"அப்போ யாருக்கும் தெரியாது," என்றேன். ஏன் சொன்னேனோ.

"மாமியாருக்குத் தெரியுமே," என்று எழுந்தார்.

கட்டுப்பாட்டு அறைக்குப் போனார். நான் கதவோரம் நின்றேன்.

"மேல தூக்கு, ஹல்வோர்."

"இன்னும் நூறு மீட்டர்தான், பெரியவரே. அதுக்குக் குளிருதாமா?"

"ஒரு உறை கழட்டல. என் தப்பு."

"பலகை நிறைஞ்சுதானே இருந்துச்சு?" என்றாள் ரன்வைக்.

"மொத்தம் எட்டு உறை இருக்கு."

"எட்டாவது எங்கிருந்து வந்துச்சு?"

ஒட்வார் என் பக்கம் திரும்பவில்லை. "நானே செஞ்சேன்," என்றார்.

"நான் தைச்சேன்," என்றேன். அந்த அறையில் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"நல்லாருக்கு. மாமியாருக்கு முக்காடு போட்டு அனுப்பியிருக்கீங்க ரெண்டு பேரும்," என்றான் ஹல்வோர்.

ரன்வைக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தூக்கு," என்றாள்.

மேலே வர முக்கால் மணி, திரும்ப இறங்க முக்கால் மணி. இறைச்சி செருப்பாகிவிட்டது. எல்லோரும் மென்று தின்றார்கள். ஒட்வார் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த கோடையில் மாமியார் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். ரன்வைக் இன்னும் அதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

ஏழு கொக்கிக்கு எட்டு உறை ஆகாது என்று, வண்டியை இறக்கிய மறுநாளே ஒட்வார் ஒன்றை எடுத்துவிட்டார். எடுத்தது கறுப்பு நூல் உறை. என் கையுறைக்குப் பதிலாக அதை என்னிடம் கொடுத்தார். அதை வைத்து ஒரு சூடான சட்டியைப் பிடித்துப் பார்த்தேன். பிளாஸ்டிக். சட்டியோடு ஒட்டிக்கொண்டது.