கல்லங்குறிச்சிக் கடலில் மண் கொட்ட அனுமதி

ஏரியில் தூர்வாரிய வண்டலை அள்ளிப்போக விவசாயிகளுக்கு அனுமதிச் சீட்டு தருவது என் வேலை. கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாமல் தவித்தவர்களுக்கு மேற்கொண்டு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

ஆழம் எவ்வளவு?

போன வருஷம் எங்கள் அரியலூர் ஆபீஸுக்குப் புது சாஃப்ட்வேர் வந்தது. துறைமுகத்தில் தூர்வாரிய மண்ணைக் கடலில் கொட்ட லைசென்ஸ் கொடுப்பதற்காக யாரோ செய்தது. தலைப்பை மட்டும் மாற்றி எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

முதல் மனு கல்லங்குறிச்சி சின்னதுரையுடையது. ஒன்றரை ஏக்கர், முழுக்கக் கல்லு பூமி. இரண்டு வருஷமாக மக்காச்சோளம் முழங்காலுக்கு மேல் வளரவில்லை. மழை வந்து ஏரி நிரம்புவதற்குள் வண்டல் அடித்தால்தான் இந்த வருஷமாவது விளையும். 'கொட்டும் இடத்தில் கடலின் ஆழம்?' என்று கேட்டது கம்ப்யூட்டர். நான் அதைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். அவர் மரியாதையாக யோசித்துவிட்டுச் சொன்னார்: "கெணறு அறுவது அடி மேடம், ஆனா அதுல தண்ணி இல்லீங்களே."

உதவி எண்

சென்னைக்குப் போன் போட்டேன். அரியலூரில் கடல் இல்லை என்று புரியவைக்கவே கால் மணி நேரம் ஆனது. பூஜ்யம் போடச் சொன்னார் போனை எடுத்த தம்பி. போட்டேன். 'ஆழம் போதாது, வேறு கடல் பகுதியைத் தேர்வு செய்க' என்று வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி கூப்பிட்டால் தம்பி கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை: "அம்பது மீட்டர்னு போடுங்க மேடம், எடுத்துக்கும். கடல் இருக்கா இல்லையான்னு சிஸ்டம் வந்து பாக்காது."

கப்பலும் மீனவரும்

கப்பல் பெயருக்கு டிராக்டர் நம்பரையும், மாலுமி பெயருக்கு டிரைவர் பெயரையும் போட்டேன். சின்னதுரை தினமும் வந்து ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில், மீனவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று கம்ப்யூட்டர் கடிதம் கேட்டது. மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவை அவர் கூட்டிவந்து நிறுத்தினார். நீங்கள் மீனவரா என்று கேட்டேன், கேட்டுத்தானே ஆக வேண்டும்! கையெழுத்தைப் போட்டுவிட்டு அக்கா சொன்னது: "மீனு ஐஸ் பொட்டியில வருது, நான் விக்கிறேன். இல்லாத கடலுக்கு இது போதாதா?"

வழி மாறிய கப்பல்

அனுமதி வந்தது, 'கடலில் மட்டுமே கொட்ட வேண்டும்' என்ற நிபந்தனையோடு. நான் அதைக் கவனிக்காமல் கொடுத்துவிட்டேன், என் தப்புதான். முதல் நடையிலேயே சோதனைக்கு வந்த அதிகாரி டிராக்டரை வயலோரம் மறித்துவிட்டார். கடலுக்குப் போக வேண்டிய மண்ணை வயலில் கொட்டினால் வழக்கு என்றார். போன் வந்ததும் ஸ்கூட்டியில் ஓடினேன். தூறல் ஆரம்பித்திருந்தது. சின்னதுரையின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் குனிந்து வயலில் ஒரு கல்லைப் பெயர்த்தார். கல்லாகிப்போன சிப்பி, உள்ளங்கை அகலம். எங்கள் பக்கம் தோண்டினால் கிடைப்பதுதான். அதை அதிகாரி கையில் வைத்தார்: "கடல்தாங்க சார் இது. நீங்கதான் கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்க."

அதிகாரி சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட்டின் பின்னால் 'இடம் சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏரி நிரம்புவதற்குள் வண்டல் முழுக்க வயலுக்கு வந்துவிட்டது.

கடல் எங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போன விவரம் ஆபீஸுக்கு இன்னும் எழுத்துமூலமாக வராததால், அது வரும்வரை நான் துறைமுகக் குமாஸ்தாதான்.