துரை நின்ற வளைவில் இறங்கி ஏறினது

கூலிக்காரர் வரிசைவீடுகளான எங்கள் லயத்தில் மோட்டார் சைக்கிளில் ஏறிய முதல் பொம்பளை நான்தான். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னே நடந்தது. கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். என் தம்பி மட்டும் ரயில்வே வேலை கிடைத்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விட்டான். கால்சட்டை, சப்பாத்து எல்லாம் போடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஓட்டித் தேய்த்த மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு, லயமே அதிர வந்து நின்றான்.

பின்னால் உட்கார ஆசனம் கிடையாது. சாமான் கட்டுகிற இரும்புச் சட்டத்தில் கோணிச்சாக்கை மடித்துக் கட்டியிருந்தான்.

"ஏறிப் பாருக்கா" என்றான். சனமெல்லாம் கூடிவிட்டது.

"அக்கா, பாத்து! குதிரை கடிச்சிடப் போவுது" என்று எதிர்வீட்டுக்காரி கத்தினாள்.

"உன் வாய்க்கு இது சாது, போடி" என்றேன்.

தம்பி பாடம் சொன்னான். "பீச்சாங்கைப் பக்கமாத்தான் ஏறணும். அந்தப் பக்கம் பொகைக்குழாய், பட்டா தோல் கழண்டுடும். நான் ரெண்டு காலையும் தரையில ஊணினப்புறம் ஏறு. எறங்குறதும் அப்படித்தான். நான் சொல்லாம எறங்காத."

முந்தானையை இடுப்பில் சொருகி, கொசுவத்தை அள்ளித் தொடைக்கடியில் அமுக்கி, பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தேன். இறங்கினேன். மறுபடியும் ஏறினேன். வண்டி நின்ற இடத்திலேயேதான் நின்றது. அதற்கே கை தட்டினார்கள்.

மத்தியானத்துக்கு மேல் சிரிப்பெல்லாம் போய்விட்டது. என் மூத்த மகளுக்கு அப்போது இரண்டு வயது. காலையிலிருந்து உடம்பு கதகதவென்றிருந்தது, திடீரென்று கண் மேலே சொருகி, பல் கட்டிக்கொண்டு, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. இழுப்பு நின்றபோது நனைந்த துணி மாதிரி கிடந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் வந்து பார்த்தார்.

"இங்க வெச்சுப் பாக்க முடியாதும்மா. மறுபடி இழுத்தா தாங்காது. கிள்ளான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடு."

தோட்டத்து லோரி ஞாயிற்றுக்கிழமை ஓடாது. தம்பி சாக்கைத் தட்டினான். பழைய சேலையால் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வழியில தொரை எதிர்ப்பட்டா எறங்கிடுங்க."

எங்கள் தோட்டத்தில் அது சட்டம். தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையைக் கண்டால், சைக்கிளில் போகிறவன் இறங்கி ஓரமாய் நிற்க வேண்டும். இறங்காதவனுக்கு மறுநாள் காலை ஆள் கூப்பிடுகிற பெரட்டில் வேலை இருக்காது. லயத்தில் வீடும் இருக்காது.

"நான் என்ன உங்க தொரைகிட்டயா சம்பளம் வாங்குறேன், மச்சான்?" என்றான் தம்பி.

"நீ வாங்கல. நான் வாங்குறேன்."

தம்பி வண்டியை உதைத்தான். வண்டி கிளம்பினதும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். "இதுல ஒரு வம்பு இருக்குக்கா. சூடானப்புறம் அணைஞ்சா எழும்பாது. வர்ற வழியில அப்படித்தான் நின்னுபோச்சு. ஆறுற வரைக்கும் ஒதைச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

செம்மண் ரோடு. ஒரு கையில் பிள்ளையின் தலை, ஒரு கை தம்பியின் தோளில். பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் படுகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசி வளைவு திரும்பினால் பெரிய ரோடு. அந்த வளைவில் கையில் பிரம்போடும் பக்கத்தில் நாயோடும் துரை நின்றிருந்தார்.

"என்னக்கா செய்ய?"

"நிறுத்து."

இரண்டு காலையும் ஊன்றினான். நான் இறங்கினேன். அவனும் இறங்கினான். ஆனால் கைப்பிடியை விடவில்லை. விட்டால் அணைந்துவிடுமே. அவன் திருகத் திருக வண்டி உறுமியது, புகை துரையின் முகத்துக்கே போனது. நாய் குரைத்தது.

"யாரு இவன்?" துரை கூலிக்காரத் தமிழில் கத்தினார். பிரம்பை நீட்டினார். "நிறுத்து! சத்தம் நிறுத்து!"

தம்பி என்னைப் பார்த்தான். அவன் விரல் தளர்கிறது, உறுமல் இறங்குகிறது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளையின் குதிகால் என் வயிற்றில் இடித்தது. ஒரு தரம். இன்னொரு தரம். மறுபடியும் இழுக்கத் தொடங்கிவிட்டது.

சேலையை விலக்கிப் பிள்ளையின் முகத்தைக் காட்டினேன். "தொரை, நான் எறங்கிட்டேன். என் தம்பியும் எறங்கிட்டான். மரியாதையில ஒரு கொறையும் இல்லீங்க. வண்டிய மட்டும் எறக்க முடியாது. அது அணைஞ்சா என் புள்ளையும் அணைஞ்சிடும்."

துரையின் பிரம்பு நீட்டினபடியே இருந்தது. அவர் சரி என்று சொல்ல நான் காத்திருக்கவில்லை.

"ஏறுடா" என்றேன். இந்தத் தடவை சொன்னது நான். தம்பி காலைப் போட்டு ஏறி, இரண்டு பக்கமும் ஊன்றினான். பக்கவாட்டில் உட்காருகிறவள் வண்டிக்கு முதுகு காட்டித்தான் ஏற வேண்டும். முகம் துரைக்கு நேரே. கொசுவத்தை அமுக்கிக்கொண்டு, அவர் கண்ணெதிரே உட்கார்ந்தேன். அந்தத் தோட்டத்தில் துரை நிற்க எந்தக் கூலியும் உட்கார்ந்ததில்லை. அவர் பார்வை என்மேல் இல்லை, ஆடிக்கொண்டிருந்த அந்தச் சின்னக் காலின்மேல் இருந்தது. நாயின் கழுத்துப்பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இதற்குப் பிற்பாடு ஒரு தண்டனையும் வந்தது. என் வீட்டுக்காரரைச் சதுப்போரத்து மரங்களுக்கு மாற்றினார்கள். அட்டைக்கடியில் அவர் கால் புண்ணாகிப்போனது. வீடு மட்டும் தப்பியது.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் தம்பி காலை ஊன்றி, "எறங்குக்கா" என்றான். என்னால் முடியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. ஓர் ஆயா ஓடி வந்து, என் நெஞ்சிலிருந்த முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தம்பி என்னை இடுப்பில் பிடித்துக் கீழே இறக்கினான்.

உள்ளே ஈரத்துணி போட்டார்கள், ஊசி போட்டார்கள். இழுப்பு நின்றது. பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் அவள் உதடு கோணியது. பிறகு வீரிட்டாள் பாருங்கள், சன்னல் கண்ணாடி நடுங்குகிற மாதிரி!

ஆயா வந்து, "ஏம்மா, புள்ளய அமத்தும்மா. எல்லாரும் முழிச்சுக்கிறாங்க" என்றாள்.

"கத்தட்டும் ஆயா" என்றேன். "கொஞ்ச நேரம் கத்தட்டும்."