மூன்றாவது ஆளின் ஓட்டம்

நேற்று இங்கே கனடாவில், அஜக்ஸில் மகளின் ஓட்டப்போட்டியில், பக்கத்தில் நின்ற அன்ரி ஒராள் குளுக்கோஸ் தூவிய தோடம்பழத் துண்டை நீட்ட, அந்த வாசம் என்னை இழுத்துக்கொண்டுபோய் ஊரில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தியது. இப்போது அங்கே கடைத்தொகுதி நிற்கிறதாம். என் மைதானத்திலோ சுண்ணாம்புக் கோடுகளும், தொண்டை கட்டிய ஒலிபெருக்கியும், வெறுங்காலைச் சுடுகிற மண்ணும் அப்படியே இருக்கின்றன.

இல்லங்களாகப் பிரிந்து மோதும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி அது; பெண்பிள்ளைகள் ஓடி ஓடிச் சேர்த்த புள்ளிகளால் எங்கள் நீல இல்லம் முன்னுக்கு நின்றது. நாலு பேர் தடி கைமாற்றி ஓடுகிற பெடியளின் அஞ்சல் ஓட்டத்தையும் வென்றால் கேடயம் எங்களுக்கு. அதில் மூன்றாவது ஆள் நான். வேறு ஆள் கிடைக்கவில்லை.

"டேய், தடியை விட்டியெண்டால் இந்தப் பக்கம் வராதை" என்று இல்லத் தலைவி வனிதாக்கா என் வாயில் குளுக்கோஸைக் கொட்டினா. ஓமக்கா என்றேன், மாவுதான் பறந்தது.

வழமையாக விசில்தான். சண்டை நின்று சமாதானம் வந்த வருசம் என்று மாஸ்டர் வெடி வைத்துத் தொடக்கினார். வெடி கேட்டால் பதுங்குகுழிக்கு, எங்கள் பாஷையில் பங்கருக்கு, ஓடிப் பழகிய கால்கள் என்னுடையவை, தலையிடம் கேட்கவில்லை. தடி வரமுன்னமே மைதானத்தைக் குறுக்கே வெட்டி, வேப்பமரத்தடிப் பழைய பங்கருக்குள் பாய்ந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஓடியதேயில்லை.

உள்ளே ஏற்கெனவே சிவப்பு இல்லத்தின் மூன்றாவது ஆள் குந்தியிருந்தான்.

"தலையைக் குனியடா" என்றான்.

அந்த ஓட்டத்திலும் நான் இரண்டாவதுதான்.