ஆர்கெஸ்ட்ராவில் என் முறம்

திண்டிவனம் மண்டியில் பதினெட்டு வருஷமாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, புடைக்கிறேன். அதற்காக யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. போன வருஷம் ஒரு அம்மா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி அரை மணி நேரம் அந்தச் சத்தத்தையே கேட்டார். பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு அரங்கத்தில் கச்சேரி நடத்துகிறவராம். முப்பது வயலின்காரர்கள், கூடவே அடித்து வாசிக்க லாரி பிரேக் டிரம், தண்ணீர் நிரப்பிய அண்டா, இரும்புச் சங்கிலி. "உங்க முறமும் வேணும்மா. நீங்களே வந்து புடைக்கணும்" என்றார்.

அதே மண்டியில் மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர் குதித்தார்.

"மேடை ஏறி முறத்த பொடைச்சிக்கினு இருப்பியா? ஊரே சிரிக்கும்டி. நான் பாக்க வரமாட்டேன்."

"வராட்டி போய்யா" என்று சொல்லிவிட்டேன். வாய்தான் சொன்னது. அவர் பார்க்க வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

மூன்று நாள் ஒத்திகைக்குத் தனியாகத்தான் போனேன். கச்சேரியன்று பார்த்தால், கடைசி வரிசை மூலையில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

என் முறை வரப் பத்து நிமிஷம் ஆகும். அந்த அம்மா கையை உயர்த்தும்வரை, நிறைந்த முறத்தோடு சத்தமில்லாமல் இருக்க வேண்டும். வயலின்கள் அடங்கி, ஒருவரும் இருமக்கூட இல்லாத நேரத்தில் முறத்தில் ஒரு சொத்தை கண்ணில் பட்டது. மடியில் முறம் இருந்தால் என் கை சும்மா இருக்குமா? பொறுக்கி எறிந்துவிட்டேன். நேராகப் போய் பிரேக் டிரம்மில் விழுந்தது. டிங்!

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. தொலைந்தேன் என்று நினைத்தேன். அந்த அம்மா லேசாகச் சிரித்தார். பிறகு அவர் கை உயர்ந்தது.

புடைத்தேன். மல்லாட்டை ஏறி இறங்க இறங்க, ஒவ்வொரு வயலினாக என்னோடு சேர்ந்துகொண்டது. இந்த வேலைக்குள் இவ்வளவு அழகான சத்தம் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்தது.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மூலையைப் பார்த்தேன். அவர் இல்லை. கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று நினைத்ததும், அவ்வளவு கைதட்டலும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மேடைப் படியில் இறங்கினால், கீழே நிற்கிறார். கையில், வாசலில் நான் விட்டு வந்த செருப்பு. அத்தனை பேர் பார்க்க, குனிந்து அதை என் காலடியில் வைத்தார்.

"வெளிய ஒரே கும்பலா கீது. காணாம போயிடும்னு எடுத்தாந்தேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.