செல்வி பேசினாள், செல்வி பேசவில்லை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“யம்மா, ஒரு நிமிசம்... வேலயா இருக்கியளா?”

செல்வியின் குரல்! மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தையல் கடை வைத்திருப்பவள். பல வருஷமாக என் ரவிக்கைகள் அவள் கையில்தான். அங்கே கோயில் கொடைத் திருவிழா என்றால் மைக்கும் அவள் கையில்தான். அவள் பேச ஆரம்பித்தால் கூட்டம் கலையாது.

ஆனால் என்னை எப்போதும் ‘யக்கா’ என்பவள் திடீரென்று ‘யம்மா’ என்கிறாளே... அவ்வளவு வயசாகிவிட்டதா எனக்கு?

“சும்மாத்தான் இருக்கேன், சொல்லு. உன் பொண்ணுக்கு ஜுரம்னியே, இப்போ எப்படி இருக்கா?”

“ரொம்ப சந்தோசம்மா. ஒங்க வீட்டு வாட்டர் ஃபில்டர சர்வீஸ் பண்ணி எம்புட்டு நாளாச்சி?”

பெண்ணுக்கு ஜுரம் என்றால் இவளுக்கு என்ன சந்தோஷம்? தையல்காரி எப்போது ஃபில்டர் கம்பெனிக்குப் போனாள்?

“செல்வி, நான் பேசறது கேக்கறதா?”

“நல்லதும்மா. சர்வீஸ் வேணும்னா ஒண்ண அழுத்துங்க.”

நான் எதையும் அழுத்தவில்லை. மாட்டுங்கா வீட்டிலிருந்து டாக்ஸி பிடித்து நேரே அவள் கடைக்குப் போய்விட்டேன்.

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். “யக்கா, நீங்களும் மாட்டிக்கிட்டியளா! அது நான் இல்ல. மிஷினு.”

விஷயம் இதுதான். கோயில் கொடையில் இவள் பேச்சைக் கேட்ட யாரோ ஒருவர் குர்லாவில் போனில் பேசும் குரல்களைத் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனிக்கு அழைத்துப்போயிருக்கிறார். ஏ.சி. ரூம், மைக், கையில் ஒரு தாள். ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் இல்லத்து நீர் சுத்திகரிப்பான்...’ என்று ஆரம்பிக்கிறதாம். இவள் படித்துப் பார்த்துவிட்டு, “இப்பிடிப் பேசுனா போன வச்சிட்டுப் போயிருவாவ சார்” என்றிருக்கிறாள். பிறகு தன் வாய்க்கு வந்தபடி மாற்றிச் சொன்னாள். ‘யம்மா, ஒரு நிமிசம்’ இவள் கற்பனை. ‘வேலயா இருக்கியளா’ இவள் கற்பனை. சில நாள் பேசினாள். அதற்குமேல் அவள் வரத் தேவையில்லை என்றார்கள். புதிதாக எதை எழுதிக் கொடுத்தாலும் கம்ப்யூட்டரே அவள் குரலில் பேசிவிடுமாம்.

வந்த பணத்தில் ஒரு பவர் தையல் மிஷின் வாங்கிப் போட்டிருக்கிறாள். சந்திலிருந்தே இரண்டு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள்.

நல்ல விஷயம்தானே? புது யோசனையும் டெக்னாலஜியும் சேர்ந்தால் ஏழைப்பட்ட பேட்டைகள் எழுந்து நிற்கும் என்று வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். இதோ, கண் முன்னால் எழுந்து நிற்கிறது. பாராட்டலாம் என்று வாயெடுத்தேன்.

“இருங்கக்கா, முழுசாக் கேளுங்க” என்றாள்.

செல்வியின் அம்மா திருநெல்வேலிப் பக்கம் ஊரில் இருக்கிறார். தம்பி கல்யாணத்தில் வந்த சண்டையில் அம்மாவும் மகளும் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. போன மாதம் அந்த அம்மாவுக்கும் இதே போன் கால் போயிருக்கிறது. ‘யம்மா, ஒரு நிமிசம்... வேலயா இருக்கியளா?’

பெற்றவள் என்ன நினைப்பாள்?

“‘ஏட்டி செல்வி, இப்பத்தான் ஆத்தா நெனப்பு வந்துச்சா’ன்னு அழுதிருக்காவ. ‘தப்பு எம்மேலதாட்டி’ன்னு எல்லாத்தயும் கொட்டிருக்காவ. அது ‘ரொம்ப சந்தோசம்மா, ஒண்ண அழுத்துங்க’ன்னுருக்கு. அம்மா அழுத்திட்டாவ! மறுநா வீட்டு வாசல்ல மெக்கானிக் வந்து நிக்கான். அங்க ஃபில்டரே கெடயாது.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“பெறவு எனக்கு போனப் போட்டு, ‘ஏட்டி, பாதியில வச்சிட்ட?’ன்னாவ. நான் என்னத்தச் சொல்ல? ‘சார்ஜு போயிட்டும்மா’ன்னேன். இப்ப தெனமும் பேசுதோம்.”

பாராட்டுவதா, ஆறுதல் சொல்வதா?

அப்போதுதான் தையல் மேஜைக்குள்ளிருந்து இங்கிலீஷ் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள். முதல் ஒப்பந்தம் ஃபில்டருக்கு மட்டும்தானாம். இப்போது அதே கம்பெனி அவள் குரலை எந்த வியாபாரத்துக்கும், எத்தனை காலத்துக்கும் கேட்கிறது. பெரிய தொகை. கையெழுத்துப் போட்டால் வாடகைக் கடை சொந்தக் கடையாகிவிடும்.

“குரல் என்ன, பேசப் பேசத் தேயவா போவுது? அரே, ஸைன் பண்ணு” என்றார் டீயோடு உள்ளே வந்த அவள் புருஷன் முருகன்.

“நாளைக்கி எங்குரல் யாரயாச்சும் ஏமாத்துனா? எங்கம்மாவே அத நாந்தான்னு நம்பிட்டாவ... நீங்க சொல்லுங்கக்கா. போடவா, வேண்டாமா?”

ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். காகிதத்தை மூன்று தடவை படித்தேன். “போடலாம்” என்றேன். டீயைக் குடித்துவிட்டு, “கொஞ்சம் யோசி” என்றேன். கிளம்பும்போது, “ஆனா சொந்தக் கடைன்னா சும்மாவா...” என்று இழுத்தேன். முருகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இரண்டு நாள் எனக்கு நிம்மதி இல்லை. அந்தக் குரலுக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, தொண்டை கட்டாது. செல்வியை வேலைக்கு வைத்தவர்களுக்கு இனி செல்வியே தேவையில்லை. ஆனால் அதே குரல்தான் இரண்டு பெண்களுக்கு வேலை தந்தது. அம்மாவையும் திருப்பித் தந்தது. இது முன்னேற்றமா, மோசடியா? எந்தப் பக்கம் கூட்டினாலும் விடை மாறுகிறது.

வெள்ளிக்கிழமை செல்வியே — நிஜச் செல்வி — போன் செய்தாள். தனியாகக் குர்லா போய்விட்டு வந்திருக்கிறாள்.

“குரலத் தரமாட்டேன்னுட்டேன்க்கா. மிஷினு வேற யாரு குரல்ல பேசுனாலும் சரி, என்ன பேசணும்னு நான் சொல்லித் தாரேன், அதுக்குத் துட்டு குடுங்கன்னேன். யோசிச்சாவ. மூணு மாசம் பாப்போம்னு சொல்லிட்டாவ. மொத வேல, ஆஸ்பத்திரியில இருந்து ‘பிள்ளைக்கு ஊசி போட வாங்க’ன்னு கூப்புடுத மாதிரி.”

“தொகை?”

“கம்மிதான். கட வாடகைதான் இன்னும். எங்க வீட்டுக்காரவிய மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுத் திரியுதாவ.”

“நீ செஞ்சது சரின்னு உனக்குத் தோணறதா?”

“தெரியலயேக்கா” என்றாள். பிறகு கேட்டாள்: “ஏன், நீங்க மட்டும் எல்லாம் தெரிஞ்சிக்கிட்டா வாராவாரம் எழுதுதிய?”